ஏரியில் காலைத் தூக்கி ஓடியவன்

எங்கள் மீன் மார்க்கெட்டில் என்னைப் பற்றி ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. திருடன் பணத்தைப் பிடுங்க வந்தானாம், நான் அவன் விரலைக் கடித்துத் துப்பினேனாம், இடுப்பிலிருந்து கத்தியை உருவி அவன் காலில் ஒரு போடு போட்டேனாம். போன வாரம் நண்டு விற்கிற ஒருத்தி என் கையைப் பிடித்து நிறுத்தி என்னிடமே கேட்டாள்.

"யக்கா, நீ சினிமால வர்றவ மாதிரி சண்டை போட்டியாமே? அந்தக் கத்தி இன்னா கத்தி, கொஞ்சம் காட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. ஐந்தாவது வரை படித்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" சொல்லக்கூட எனக்கு வாய் வந்ததில்லை. பக்கத்துப் பெண்தான் எனக்கும் சேர்த்துச் சொல்வாள். ஆனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது வயிறு எரிந்தது. கடி, கத்தி என்று இல்லாததை எல்லாம் சேர்க்கிறார்களே, அன்றைக்கு என் தம்பியை எதற்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. கதையில் அவன் இல்லவே இல்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நாங்கள் ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்கள். வலை கிடையாது, படகு கிடையாது. தண்ணீரில் குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பனை ஓலையில் பின்னிய பறியை வாயில் கடித்துக்கொள்வோம். இறாலைப் பிடித்து அதில் போட்டுக்கொண்டே போவோம். பறி வாயில் இருக்கும் வரைக்கும் பேச முடியாது. எனக்கு அந்த வேலை பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பழவேற்காட்டில் ஐஸ் கொட்டகை வைத்திருக்கிற ஏஜண்டுக்குத்தான் எங்கள் இறால் போகும். அவர் காலையில் பணத்தை ஏரிக்கரைக் குடிசைகளுக்கு அனுப்பிவிட வேண்டும். இப்போதுதான் போனிலேயே அனுப்பலாமே என்று நீங்கள் கேட்கலாம். பேங்கில் விழுந்தால் மகளிர் குழுக் கடனுக்கு அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள், அடுப்புக்கு ஒன்றும் வருவதில்லை. கையில் காசாகக் கொடுத்தால்தான் அன்றைக்கு அரிசி. முதலில் பைக்கில் ஆள் அனுப்பினார். ஒருத்தன் வழியில் குடித்தான், இன்னொருத்தன் பணத்தோடு இரண்டு நாள் காணாமல் போனான். அதற்கப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்.

"நீதான்மா சரி. நீ யாராண்டயும் வாயத் தொறக்க மாட்ட" என்றார்.

ஆறு வருடம் நான் அந்தப் பணத்தைத் தூக்கினேன். பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பறியின் அடியில் வைப்பேன், மேலே இரண்டு கை இறால் போடுவேன். சாலை வழியாகப் போக மாட்டேன். ஏரியில் இறங்கி, இறால் தடவுகிற மாதிரியே குனிந்து குனிந்து அக்கரைக்குப் போவேன். பறியைக் கடித்துக்கொண்டு சேற்றைத் தடவுகிற கிழவியை யார் பார்க்கப் போகிறார்கள்? டூரிஸ்ட் படகில் போகிறவர்கள் நாரையைப் போட்டோ எடுப்பார்கள், என்னை எடுக்க மாட்டார்கள். ஆறு வருடத்தில் ஒரு நோட்டு குறைந்ததில்லை. எந்த வழியில் போகிறேன் என்பது ஐஸ் கொட்டகையில் இருக்கிறவர்களுக்கும் என் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். இரண்டு முறை எனக்குக் காய்ச்சல் வந்தபோது தம்பிதான் கொண்டுபோய்க் கொடுத்தான்.

அன்றைக்குத் தண்ணீர் தொடை மட்டத்துக்கு இருந்தது. மழைக்காலம் முடிந்து தெளிந்த நேரம், வெயில் ஏறிவிட்டது. பாதி தூரம் போயிருப்பேன். கரையோரம் சீமைக்கருவேலப் புதரிலிருந்து ஒருத்தன் தண்ணீரில் இறங்கி வந்தான். தலையில் ஹெல்மெட். ஏரிக்குள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வருகிறவனைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அவன் என் வாயிலிருந்த பறியைப் பிடித்து இழுத்தான்.

நான் விடவில்லை. வீரம் ஒன்றும் இல்லை, நாற்பது வருடப் பழக்கம். பறியை யாராவது இழுத்தால் பல் தானாக இறுகும். அவன் காலை ஊன்றி ஒரே வெட்டாக வெட்டி இழுத்தான். பறியும் போனது, என் முன்பல் ஒன்றும் போனது. கடித்தது நான் இல்லை. இழந்ததுதான் நான். மார்க்கெட்டுக் கதையில் இது தலைகீழாகிவிட்டது.

வாயெல்லாம் ரத்தத்தோடு அவன் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அவன் காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஓடினான். நடவு வயலில் ஓடுகிற மாதிரி. எங்கள் ஆட்கள் யாரும் ஏரியில் காலைத் தூக்க மாட்டார்கள். சேற்றுக்குள் திருக்கை மீன் படுத்திருக்கும். மேலே மிதித்தால் வாலில் இருக்கிற முள்ளால் குத்திவிடும். காலைத் தரையோடு இழுத்து இழுத்துப் போனால் அது விலகிப் போய்விடும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எங்கள் கால் அப்படித்தான் போகும். சாராயம் குடித்தாலும், பாம்பு துரத்தினாலும் அப்படித்தான் போகும். இவன் பத்து அடி ஓடியிருப்பான். "அம்மாடியோவ்" என்று ஒரு கத்தல். ஒற்றைக் காலில் குதித்துக் குதித்துக் கரை ஏறினான். புதருக்குப் பின்னால் பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

நேராக ஐஸ் கொட்டகைக்குப் போய்ச் சொன்னேன். ஏஜண்டு என் வாயைப் பார்த்தார், பறி இல்லாததையும் பார்த்தார். பறியைப் பற்றித்தான் முதலில் கேட்டார். போலீசுக்குப் போன் போட்டார். இரண்டு பேர் வந்தார்கள்.

"அடையாளம் எதுனா பாத்தியா?"

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு "காலு" என்றேன். பல் போன இடத்தில் காற்றுத்தான் வந்தது.

"இன்னாது, காலா? உன் காலு கீது இல்ல, நல்லாத்தான கீது" என்று ஒருவர் சிரித்தார். மற்றவர் ஏஜண்டு பக்கம் திரும்பி, "இந்தம்மா போற ரூட்டு யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார்.

ஏஜண்டு ஐஸ் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு, "எங்க ஆளுங்களத் தவிர இவ தம்பிக்குத் தெரியும்" என்றார்.

"உங்க ஆளுங்களத் தவிர" என்று அந்தப் போலீஸ்காரர் திருப்பிச் சொன்னார். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. ஏரிச் சனம் என்றாலே திருட்டு என்று அவர்களுக்கு ஒரு முடிவு உண்டு. யார் வீட்டில் கோழி போனாலும், எந்தக் கோயில் உண்டியல் உடைந்தாலும் முதலில் எங்கள் குடிசைக்குத்தான் ஜீப் வரும். ஒருமுறை விரல் ரேகை எடுத்துவிட்டால் போதும், அதற்கப்புறம் அந்த ஆளுக்கு வாழ்நாள் முழுக்க ஓட்டம்தான். எங்கள் சித்தப்பா ஒருவர் அப்படித்தான் ஆந்திரா பக்கம் போனவர், திரும்பவே இல்லை. என் பயமெல்லாம் அதுதான். பணம் கிடைக்கும், கிடைக்காமல் போகும். தம்பியின் ரேகை அந்தத் தாளில் ஏறிவிடக் கூடாது.

நான் வீட்டுக்குப் போவதற்குள் அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை. தட்டில் சோறு அப்படியே இருந்தது. அவன் பெண்சாதி தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள்.

"நீதான் காட்டிக் குட்த்தியாக்கா?" என்று என்னைக் கேட்டாள். அந்தக் கேள்வி பல்லைவிட வலித்தது. "நான் சொல்லல மே. ஏஜண்டு சொன்னாரு" என்றேன். "அந்தாளு சொல்றப்ப நீ எங்க இருந்த?" என்றாள். பக்கத்தில்தான் இருந்தேன்.

இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். உள்ளே விடவில்லை. வாசலில் இருந்த எழுத்தரிடம் என் வாழ்நாளில் பேசாத அளவுக்குப் பேசினேன்.

"ஐயா, எங்க ஆளு தண்ணில காலத் தூக்க மாட்டான். அவன் தூக்கி ஓடினான். திருக்க குத்திச்சி. என் தம்பி காலப் பாருங்க, ஒரு கீறலு இருந்தா என்னயும் புடிச்சி உள்ள போடுங்க."

"ஓகோ. திருக்கைய சாட்சிக்கு இட்டாந்திருக்கியா?" என்றார் அவர். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். "போம்மா. சாயந்தரத்துக்குள்ள அவனே ஒத்துப்பான். ஒத்துக்கினு கையெழுத்து போட்டா கம்மியா முடிஞ்சிடும்."

தம்பியின் பெண்சாதி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் வெளியே வந்து புளிய மரத்தடியில் நின்று யோசித்தேன். எனக்குப் பேசத்தான் வராது, யோசிக்க வரும். காலைத் தூக்கி ஓடியவன் மேட்டு நிலத்து ஆள். என் வழியும் நேரமும் தெரிந்தவன். பறியில்தான் பணம் என்றும் தெரிந்தவன். அப்படியென்றால் ஐஸ் கொட்டகை ஆள். காலையில் கொட்டகையில் எல்லோரும் இருந்தார்கள், தராசுக்குப் பக்கத்தில் மட்டும் ஆள் இல்லை. தராசு போடுகிறவன் ஏஜண்டின் மச்சான், அவர் பெண்சாதியின் தம்பி. அவன் ஊர் பஸ்ஸில் அரை மணி நேரம், நெல் வயலுக்கு நடுவில் இருக்கிறது.

மார்க்கெட்டில் அரைக் கிலோ இறால் கடனாக வாங்கி ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அவன் வீட்டு வாசலில் அவனுடைய பைக் நின்றது, சக்கரத்தில் ஏரிச் சேறு காய்ந்திருந்தது. அவன் அம்மா கொல்லையில் விறகு அடுப்பில் தண்ணீர் காய வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா நீ?"

"கொட்டகைலேருந்து எறா குட்த்தனுப்பிச்சாங்க."

"இன்னிக்கினு பாத்தா? புள்ள வண்டில இருந்து வுயுந்து காலு வீங்கிக் கெடக்குறான். எனக்கு எறா உரிக்க நேரமில்ல. நீயே உரிச்சுக் குட்த்துட்டுப் போ."

உட்கார்ந்து உரித்தேன். அவள் பூண்டு எடுக்க உள்ளே போய்ப் பறியோடு வந்தாள். என்னுடைய பறி. விளிம்பில் நான் கடித்துக் கடித்துத் தேய்ந்த இடம், அதில் அன்றைய ரத்தம் கறுத்துப் போய் ஒட்டியிருந்தது. அதற்குள் பூண்டும் காய்ந்த மிளகாயும்.

"கூடை நல்லா கீதே யம்மா, எங்க வாங்கின?" என்று கேட்டேன்.

"புள்ள எடுத்தாந்தான். கவிச்ச நாத்தம்தான் போவ மாட்டேங்குது. தூக்கிப் போடுன்னான், எனக்குத்தான் மனசு வர்ல. எதுக்குனா ஒதவும்னு பூண்டு போட்டு வெச்சேன்."

திருடத் தெரிந்தவனுக்குத் திருடின பொருளை அம்மா கண்ணில் படாமல் வைக்கத் தெரியவில்லை. நான் இறாலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனேன். கட்டிலில் உட்கார்ந்து காலை வாளியில் விட்டிருந்தான். கால் சுரைக்காய் மாதிரி வீங்கியிருந்தது. பாதத்தின் நடுவில் ஒரு கறுத்த துளை. என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"தண்ணி பத்தாது. இன்னும் சூடா ஊத்தணும்" என்றேன். "முள்ளு உள்ள ஒடஞ்சி கீது. அப்டியே வுட்டா காலு அழுவிடும்."

"எறாக்காரம்மா, சத்தம் போடாத. பாதி நீ எடுத்துக்க. எங்கம்மாவுக்குத் தெரிய வேணாம்."

"எங்க தம்பி உள்ள கீறான்."

"நான் அவன் பேரச் சொல்லல. சத்தியமா சொல்லல. அது மாமா சொன்னது."

"முள்ள நான் எடுக்கறேன்" என்றேன். "ஆனா மொதல்ல மாமாவுக்குப் போன் போடு. நாந்தான் எடுத்தேன்னு சொல்லு. ஸ்பீக்கர்ல போட்டுச் சொல்லு. அப்பாலதான் காலத் தொடுவேன்."

இப்போது நினைத்தால் எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. வலியில் கிடக்கிறவனிடம் பேரம் பேசினேன். ஆனால் அதே நேரத்தில் என் தம்பி எங்கே கிடந்தான் என்று நினைக்கும்போது அந்த வெட்கம் போய்விடுகிறது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான், அழுதான், கடைசியில் போன் போட்டான். நான்தான் எடுத்தேன் என்று ஸ்பீக்கரில் சொன்னான். மறுபக்கம் ஏஜண்டு, "அந்தக் கெய்வி பக்கத்துல கீதா?" என்று கேட்டார். "கீறேன்" என்றேன். அந்த ஒரு சொல்லை நான் சத்தமாகவே சொன்னேன்.

புடவை ஊக்கை நெருப்பில் காட்டி முள்ளை எடுத்தேன். கட்டைவிரல் நகம் நீளத்துக்கு இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு, பூண்டைத் தரையில் கொட்டிப் பறியை எடுத்துக்கொண்டேன். பணக் கவர் கட்டிலுக்கு அடியில் இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டேன். அவன் அம்மா வாசலில் நின்று, "இன்னாடா இது, இன்னாடா இது" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

நான் ஸ்டேஷனுக்கு வந்தபோது ஏஜண்டு எனக்கு முன்னால் வந்திருந்தார். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னை வாசலைத் தாண்ட விடாத அதே ஸ்டேஷன். "பணம் கெடச்சிடுச்சி, குடும்ப விஷயம், கேஸ் வேணாம்" என்று சொல்லிவிட்டாராம். மச்சானுக்கு ஜீப் போகவில்லை. சோற்றில் கை வைத்திருந்த என் தம்பிக்குப் போன ஜீப், கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தவனுக்குப் போகவில்லை. அவன் வழுக்கி விழுந்த பிள்ளை, என் தம்பி திருடன்.

தம்பியை வெளியே விட்டார்கள். உள்ளங்காலில் அடித்திருந்தார்கள். ஒரு முள்ளும் குத்தாத அந்தக் கால், அவனால் தரையில் ஊன்ற முடியவில்லை. பத்து விரலும் கறுப்பாக இருந்தது. மை. நான் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் ரேகை எடுத்துவிட்டார்கள்.

ஏஜண்டு என் பக்கத்தில் வந்து, "மனசுல வெச்சிக்காதம்மா. ஒனக்கு நான் பல்லு கட்டித் தரேன். திங்கக்கெழம வழக்கம் போல வந்துடு" என்றார்.

"பல்லு வேணாம். எங்க தெருவுக்கு வந்து எல்லாரும் கீற நேரத்துல இவன் எடுக்கலன்னு சொல்லுங்க."

"அதெல்லாம் எதுக்கும்மா? வுட்டாச்சி இல்ல?"

விட்டாச்சு. என்னமோ வலையில் தெரியாமல் மாட்டின குஞ்சு மீனை ஏரியில் திருப்பி விட்ட மாதிரி சொன்னார். நான் பணக் கவரை அவர் கையில் கொடுத்தேன். அன்றைய காசை அவரே கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்ளட்டும். அதற்கப்புறம் நான் அந்தப் பணத்தைத் தொடவில்லை. எங்கள் தெருப் பெண்களும் அவருக்கு இறால் போடவில்லை. நான் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை, எனக்குக் கேட்கவும் தெரியாது. தம்பியின் பெண்சாதி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். ஒரு வாரம் ஊர் முழுக்க இறால் குழம்பும் பட்டினியும் மாறி மாறி ஓடியது. ஏழாம் நாள் ஏஜண்டு பைக்கில் வந்தார். வண்டியிலிருந்து இறங்காமல், இஞ்சினை ஓட விட்டபடியே, "அவன் எடுக்கல, ஆள் மாறிப்போச்சி" என்றார்.

"வண்டிய நிறுத்திட்டு சொல்லு மொதலாளி, காதுல வுயல" என்று தம்பியின் பெண்சாதி கத்தினாள். நிறுத்திவிட்டு இன்னொரு முறை சொன்னார். எங்கள் தெருவில் கேட்டுவிட்டது. ஸ்டேஷனில் கேட்கவில்லை.

அதனால் நான் என் கையாலேயே மனு எழுதிக்கொண்டு போனேன். என் தம்பியின் ரேகைத் தாளை எடுத்துவிடுங்கள் என்று. "கேஸே இல்லியேம்மா, அப்பால இன்னாத்த எடுக்கிறது?" என்றார் எழுத்தர். "கேஸ் இல்லன்னா வெரல எதுக்குப் புடிச்சீங்க?" என்றேன். "அது சும்மா ரெக்கார்டுக்கு." நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். இன்ஸ்பெக்டர் ஐயா இல்லை என்றார்கள், உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரமும் போய் உட்கார்ந்தேன். நான்காவது முறை, என்னைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போய் அந்தத் தாளைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்கள். "பாத்துக்க. இதுல ஒண்ணுமே இல்ல. வெறும் பேரும் வெரலும்தான்."

ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். அவன் பெயர் இருந்தது, எங்கள் அப்பா பெயர் இருந்தது. கீழே தொழில் என்று போட்டு அதற்கு நேராகத் திருட்டு என்று எழுதியிருந்தார்கள். நீல மையில், நல்ல கையெழுத்தில்.

"இத அடிங்க" என்றேன்.

"யம்மா, அது எல்லாருக்கும் அப்டித்தான் போடுறது."

"அடிச்சிட்டு எறா புடிக்கறவன்னு எழுதுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அடித்துவிட்டு மீன்பிடி என்று எழுதினார். மீன் இல்லை, இறால் என்றேன். பெருமூச்சு விட்டு அதையும் அடித்து, இறால் பிடிப்பவர் என்று எழுதினார். திருத்தினதற்குப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன், போட்டார். தாளைக் கேட்டேன், கொடுக்கவில்லை. அது இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.